சுவரளவு டி.வி.யும் சுத்தத் தத்துவமும்

உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குவதற்குள் வீட்டுக்குச் சுவரளவு டி.வி. ஒன்று வந்தே தீர வேண்டும் என்று வசந்த்குமார் டிராமில் தொங்கிக்கொண்டே சபதம் எடுத்தார். கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்பது அவருக்கு உத்தேசமாகத்தான் தெரியும். ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், அவர் வேலை பார்க்கும் சிப் தொழிற்சாலையில், அடுத்த நாற்காலி சிவராமன் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். அதன் பிறகு ஒரு மனிதனுக்குத் தூக்கம் எப்படி வரும்?

சிக்கல் சுவரில் இருந்தது. வீட்டு ஹாலில் சுவர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் ஜன்னல், கதவு, ஹீட்டர். அந்த ஒரே சுவரை ஒட்டி அவர் மனைவி நிருபமாவின் மேஜை கிடந்தது. அவள் மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். அடுத்த மாதம் பரீட்சை. தேறினால் தெருமுனை கிண்டர்கார்டனில் வேலை கிடைக்கும் என்று ராப்பகலாக அந்த மேஜையில்தான் படிக்கிறாள்.

வசந்த்குமாருக்கு ஜெர்மன் தேவைப்பட்டதே இல்லை. ஆபீஸில் இங்கிலீஷ். கடையில் ஆள்காட்டி விரல். ஆனால் மனைவி முன்னால் மட்டும், "மூணு வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டறேன். எனக்கு வராத ஜெர்மனா?" என்று மீசையைத் தடவுவார்.

"மேஜையைக் கீழே கெல்லர்ல போட்டுடலாம் நிரு. நிலவறைல நல்ல அமைதி. படிப்பு ஓடும்."

"கெல்லர்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை லைட்டு தானா அணைஞ்சிடும். எழுந்து எழுந்து போட்டுக்கிட்டா படிக்கறது?"

"பெரிய ஸ்க்ரீனோட அருமை உனக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை ஒரு படத்துக்குப் போலாம். எதிர்காலத்துல நடக்கற கதை. பார்த்தா நீயே டி.வி. வாங்குன்னு சொல்லுவே."

நிருபமா யோசித்தாள். "சரி. படத்துல ஏதாவது விஷயம் இருந்தா மேஜை கெல்லருக்குப் போகட்டும். வெறும் பகட்டுன்னா இருந்த இடத்துலயே இருக்கும். எனக்குப் புரியாட்டா நீங்கதான் விளக்கணும்."

"அது என் பொறுப்பு," என்றார். போஸ்டரில் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அந்தத் தெம்பு.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் விளக்கு அணைந்தது. கதாநாயகன் வாயைத் திறந்தான். ஜெர்மன் வந்தது. வசந்த்குமார் டிக்கெட்டை எடுத்து இருட்டிலேயே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த நாட்டில் எந்த ஊர்ப் படமானாலும் ஜெர்மன் பேச வைத்துத்தான் திரையிடுவார்கள் என்பது, மூன்று வருஷமும் தமிழ் டிவிடியிலேயே காலம் தள்ளியவருக்கு எப்படித் தெரியும்?

படம் கண்ணைப் பறித்தது, அதில் சந்தேகமில்லை. வானத்தில் பஸ் ஓடியது. ஓயாத மழை, துளிக்குத் துளி ஊதாவும் பச்சையுமாக எரிந்தது. கட்டடங்களுக்கு நடுவே ரயில் நீளத்துக்கு ஒரு நீல மீன் நீந்திப் போனது. அது தெய்வமா வில்லனா தெரியவில்லை. கதாநாயகனுக்கு ஒரு கை இரும்பு. கொஞ்ச நேரத்தில் மற்றக் கையும் இரும்பு. பழைய கை எங்கே போயிற்று என்று யோசிப்பதற்குள் அவனே இரண்டு பேராகிவிட்டான். பிடரியில் ஒயர் செருகிய ஒரு பெண் அழுதாள். இன்டர்வெல்லில் யாரையாவது பிடித்து விசாரிக்கலாம் என்று காத்திருந்தார். இந்த ஊரில் இன்டர்வெல்லும் கிடையாது.

"புரியுதாங்க?" என்று கிசுகிசுத்தாள் நிருபமா.

"பேஷா. ரொம்ப டீப்பா போகுது. உனக்கு?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

கடைசியில் கதாநாயகன் ஒரு மாடி உயரத் திரை முன்னால் வந்து நின்றான். இரும்புக் கையால் ஒரே குத்து. திரை நொறுங்கியது. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னான். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். நிருபமா இருமினாள்.

வீட்டுக்கு வந்ததும் காப்பி கலந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. அந்த மீன் என்னது?"

"அதுவா? அது... ஆசை. மனுஷனோட ஆசை. கையில சிக்காம நழுவிப் போச்சு பாரு."

"அடேயப்பா. இரும்புக் கை?"

"மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா மெஷினாகிடறான்னு அர்த்தம்."

"அந்தப் பொண்ணு ஏன் அழுதா?"

"அவ அவன் பொண்டாட்டி. வீட்ல ஒருத்தி இருக்கறதே அவனுக்குத் தெரியல. எந்நேரமும் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்தா?"

"பாவம். அப்ப கடைசியில அதை ஏன் உடைச்சான்?"

வசந்த்குமாருக்கு அருள் வந்துவிட்டது. "அங்கதான் படமே இருக்கு நிரு. ஞானம் வந்துடுச்சு அவனுக்கு. இந்தப் பெரிய ஸ்க்ரீன்தான் நம்ம குடும்பத்தைக் கெடுத்ததுன்னு உணர்ந்து, விட்டான் ஒரு குத்து. அப்புறம் பொண்டாட்டிகிட்ட சொன்னான், 'இனிமே எனக்கு நீ போதும்மா'ன்னு." சொல்லி முடித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒத்துக்கறேங்க. படத்துல பெரிய விஷயம் இருக்கு."

"பார்த்தியா. அப்ப மேஜை?"

"இவ்வளவையும் உணர்ந்து சொல்லிட்டு, நீங்களே போய் சுவரளவு ஸ்க்ரீன் வாங்கி மாட்டினா நல்லாவா இருக்கும்?"

வசந்த்குமார் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். படத்தில் விஷயம் இல்லை என்றால் ஒப்பந்தப்படி மேஜை இருக்கும். விஷயம் இருக்கிறது என்றால் டி.வி. வராது. நிருபமா எழுந்துபோய்த் தன் மேஜையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

அவருக்குள் ஏதோ உறுத்தியது. "ஏன் நிரு, உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"எல்லாம் புரிஞ்சுது. விஷயம்தான் ஒண்ணும் இல்ல. தொலைஞ்ச பைக் சாவியைத் தேடறான், அவ்வளவுதான் கதை. அந்த மீன் ஒரு சாப்பாட்டுக் கடை விளம்பரம். அந்தப் பொண்ணு பக்கத்து வீடு, கண்ணுல மழைத்தண்ணி."

"கடைசியில... ஸ்க்ரீனை உடைச்சிட்டு என்ன சொன்னான்?"

நிருபமா பென்சிலைச் சீவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"'இது ரொம்பச் சின்னது, இன்னும் பெருசா ஒண்ணு வாங்கணும்'னான்."