டபுள்பூட்டு அண்ணன் மறந்த பாஸ்வேர்ட்

ராயபுரத்தில் தன்னைத் தவிர யாரையும் நம்பாதவர்கள் நிறைய உண்டு. தன்னையும் சேர்த்து நம்பாத ஒரே மனிதர் எங்கள் டபுள்பூட்டு அண்ணன்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், துறைமுகச் சரக்குகளுக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஒரு சின்ன ஏஜென்சியில் அவர் கம்ப்யூட்டர் பார்த்தார். பக்கத்து மேஜையில் நான் கிளார்க். அவருடைய டிராயருக்கு இரண்டு பூட்டு, டிபன் பாக்ஸுக்கு ஒன்று. மாலையில் ஷட்டரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போவார். திரும்பி வந்து பூட்டில் தொங்கிப் பார்ப்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

ஆபீஸ் பாஸ்வேர்டுகள் அத்தனையையும் ஒரு சாஃப்ட்வேரில் போட்டு, அதற்கும் ஒரு பாஸ்வேர்ட் வைத்திருந்தார். திங்கள்தோறும் அதை மாற்றுவார். ஒரு திங்களன்று காய்ச்சலோடு வந்து மாற்றினார். செவ்வாயன்று அது அவருக்கே ஞாபகம் இல்லை.

அன்று பார்த்து ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த டயாலிசிஸ் மெஷின் துறைமுகத்தில் கிடந்தது. அதற்குப் பேப்பர் போடும் பாஸ்வேர்டும் அந்தச் சாஃப்ட்வேருக்குள்தான். மாலைக்குள் பேப்பர் போகாவிட்டால் மெஷின் அங்கேயே கிடக்கும்; அடுத்த மூன்று நாள் விடுமுறை.

"அங்க சீக்காளிங்க காத்துக் கெடக்காவ. என்னவே செய்யப் போறீரு?" என்றார் தூத்துக்குடிக்கார முதலாளி.

"ரெகவரி கீ ஒண்ணு கீது மொதலாளி. அதப் போட்டா பாஸ்வேர்டு இல்லாமயே தொறந்துக்கும்."

"எங்க இருக்கு?"

"முனிம்மாகிட்ட."

முனியம்மா எங்கள் தெருமுனையில் இட்லி விற்பவர். அவருக்கும் அண்ணனுக்கும் தினமும் காலையில் சண்டை நடக்கும். அன்று கடை போடாமல் திருவொற்றியூரில் வீட்டோடு இருந்தார். அண்ணன் என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, டேங்கர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்ச் சேர்ந்தார்.

"அன்னிக்கு ஒரு சீட்டு குட்த்தேனே, அதக் குடு."

"முடியாது. நானே வந்து கேட்டாலும் குடுக்காதன்னு நீதான சொன்ன."

"நான்தான இப்ப கேக்கறேன்."

"அதான் முடியாதுன்றேன். எவனாவது மெரட்டி இட்டுகினு வந்துருந்தா?"

அப்போது நான் நாற்பத்தைந்து கிலோ. முனியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்: "நேத்து சாம்பாரு எப்டி இருந்துச்சு?"

அந்த அவசரத்தில் வேறு யாராக இருந்தாலும் பிரமாதம் என்றிருப்பார்கள்.

"அது சாம்பாரா? மஞ்சத்தண்ணி."

அடுத்த ஐந்து நிமிடம் இருவரும் கத்தியதில் வாசலில் கூட்டமே கூடிவிட்டது. "அவனேதான்" என்று திருப்தியாக உள்ளே போன முனியம்மா, ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்த சீட்டை எடுத்து வந்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "ஏண்ணே, ஆபீஸ்ல இத்தினி பேரு இருக்கசொல்லோ அவங்ககிட்ட ஏன் குடுத்தீங்க?"

"நீங்கல்லாம் மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறீங்கோ நைனா. அது ஒண்ணுதான் மூஞ்சிக்கு நேரா திட்டுது."

நான் சீட்டைப் படிக்க, அவர் தட்டினார். ஜீரோவை ஓ என்று படித்து இரண்டு முறை சொதப்பினேன். மூன்றாவது முறை திறந்துகொண்டது. மாலையில் மெஷின் ஏறிய லாரி துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது.

அண்ணன் புதுப் பாஸ்வேர்ட் வைத்தார். பிறகு என்னை அருகே கூப்பிட்டு, காதில் அதைச் சொன்னார். "எனக்கு மறந்தா நீ சொல்லணும், இன்னா?"

அந்த ஏஜென்சியை மூடி வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பாஸ்வேர்டை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.