இன்னொரு செல்ஃப் அடிங்க

வைத்தியர்களில் பல ஜாதி உண்டு. படித்துப் பட்டம் வாங்காமல், பீஸ் கேட்காமல், முக்கியமாக யாரும் கூப்பிடாமல் வந்து நிற்கிற ஒரு ஜாதியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். பானட் வைத்தியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் கார் 'கிர்ர்... கிர்ர்...' என்று சுற்றிச் சுற்றி, பிடிக்காமல் அடம் பண்ணினால் போதும். மூன்றாவது மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் அவர் காதில் அது விழுந்துவிடும். கொப்பளித்தும் கொப்பளிக்காமலும் இறங்கி வந்துவிடுவார்.

எங்கள் குடியிருப்பு வைத்தியர் இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் பைல் கட்டி ரிட்டயர் ஆனவர். கார் வைத்திருக்கிறாரா என்கிறீர்களா? ஒரு சைக்கிள்கூட அவர் வாங்கியதில்லை. அதனால் என்ன? காது இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன!

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவரிடம் மாட்டியது கீழ்வீட்டு வாத்தியாரின் கார். வாத்தியாருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, இடது கன்னம் பன் மாதிரி உப்பி, வாயே திறக்க முடியாத நிலை. பக்கத்தில் இருக்கும் ஒரே பல் டாக்டர் பத்தரை வரைதான் இருப்பார். பிறகு பதினைந்து நாள் வெளியூர். அதனால் மனைவி ஓட்ட, வாத்தியார் பக்கத்து சீட்டில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் காரின் நோய் தெரிந்த ஒரே ஆள் வாத்தியார்தான். பழைய வண்டி. ராத்திரி முழுக்க நின்றால் குழாயில் இருக்கும் பெட்ரோல் டாங்குக்கே இறங்கிவிடும். சாவியைப் பாதி திருப்பி, பின் சீட்டுக்கு அடியில் பம்ப் 'ஙொய்ங்' என்று முனகி அடங்கும்வரை பொறுத்து, இப்படி இரண்டு தரம் செய்துவிட்டு செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும். தினமும் அவரே ஓட்டுவதால் மனைவியிடம் இதைச் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் என்றால் வாய் ஒத்துழைக்கவில்லை.

"அடிங்கம்மா, கேப்போம்," என்றார் வைத்தியர், பானட்டில் காதை வைத்து.

கிர்ர்ர்.

"பேட்டரி. சந்தேகமே இல்ல."

"போன மாசம்தாங்க பேட்டரி மாத்தினோம். நல்லாத்தான் சுத்துது, பிடிக்கத்தான் மாட்டேங்குது," என்றார் மனைவி.

"புது பேட்டரியதான் நம்பவே கூடாது. இன்னொரு செல்ஃப் அடிங்க."

வாத்தியார் "ம்ம்! ம்ம்ம்!" என்று சாவியைக் காட்டினார். இரண்டு விரலைக் காட்டினார். கையால் அமர்த்திக் காட்டினார்.

"ஐயோ பாவம், ரெண்டு பல்லு போலிருக்கு," என்றார் வைத்தியர். "நீங்க அடிங்கம்மா."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் 'பொறு' என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்குள் வைத்தியர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். ஸ்பார்க் பிளக் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாளுக்கு வரைந்து காட்ட வேண்டாமா?

அந்த அம்மாள் சீட்டைப் படித்துவிட்டுப் பொங்கினார். "பொறுக்காம வேற என்னங்க பண்றேன்? கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்!"

அதற்குப் பிறகு வைத்தியர் பேட்டரியை விட்டுப் பிளக்குக்குத் தாவி, பிளக்கிலிருந்து ஏர் பில்டருக்குப் போய், பில்டரில் எலி இருக்கலாம் என்று சந்தேகித்து, எலிக்காக ஹாரன் அடிக்கச் சொல்லி, எலி வராததால் பெட்ரோலில் தண்ணீர் என்று முடிவு கட்டி, தண்ணீர் அசையட்டும் என்று என்னையும் காவலாளியையும் வண்டியைப் பிடித்து ஆட்டச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "இப்ப அடிங்க" என்றார். நாங்களும் ஆட்டினோம். ஏன் ஆட்டினோம் என்று கேட்காதீர்கள். அவர் வாய் ஒரு நிமிஷம் மூடியிருந்தால் அந்த பம்ப் சத்தம் யார் காதிலாவது விழுந்திருக்கும்.

பதினேழாவது செல்ஃபுக்கு 'கிர்ர்' வரவில்லை. 'டிக்' என்றது. அதோடு சரி.

வைத்தியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா? பேட்டரின்னு நான் முதல்லயே சொன்னேனா இல்லையா?"

சொன்னார். யார் இல்லை என்றது? நல்ல பேட்டரியைத் தீர்த்துக்கட்டித் தன் வாக்கை மெய்யாக்கிக்கொண்ட வைத்தியரை நீங்கள் வேறெங்கே பார்த்திருப்பீர்கள்?

அப்புறம் டாக்சி வந்து, போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். பல் டாக்டர் வீட்டில் பூட்டு. திரும்பி வந்து இறங்கிய வாத்தியாரின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பதினைந்து நாள்! அந்த அம்மாள் சாவியைத் தரையில் வீசி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது பார்த்து வைத்தியர் கையில் டார்ச் லைட்டோடு வந்தார். "கொஞ்சம் வாயத் திறங்க சார், பாத்துடலாம்."

அவரைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: வாத்தியாரின் பல்லைப் பற்றி முதலில் படித்தபோதே, "ஒரு கிராம்பை வைத்துக் கடித்தால் போதுமே" என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். தோன்றியிருந்தால் தயவுசெய்து எங்கள் பக்கம் வராதீர்கள். வேண்டாம் என்று சொல்ல வாத்தியாரால் முடியாது.