வணக்கம், மனு, நன்றி

ஸ்கெல்டெ ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் டிசம்பர் மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அன்று இருட்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, வாசல் பக்கம் 'ட்ரிக்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு 'கிர்ர்'. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கதவு தானாகத் திறந்திருந்தது. வெளியே யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தாலாவது போகச் சொல்லியிருக்கலாம்.

குடியிருப்புக் கழகம் எங்கள் கட்டடத்தின் பதினெட்டு வீடுகளுக்கும் அப்போதுதான் மின்பூட்டு மாட்டியிருந்தது. தாழ்ப்பாள் பழைய நாகரிகமாம், கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதிய பூட்டு பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும், இருட்டினால் திறந்துகொள்ளும். என் கணவர் யோஸ்டுக்குத் தூர்வாரும் கப்பலில் வேலை, பிப்ரவரிக்கு முன் வரமாட்டார். நான் கதவை ஒட்டி நாற்காலி போட்டு, எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் போட அனுமதி. அனுமதியின்றி ஆணி அடித்தால் வீட்டைக் காலி செய்யும்படி ஆணை வரும் என்று ஒப்பந்தத்தில் அச்சடித்திருக்கிறது.

கழக அலுவலகத்தின் எழுத்தர் ஓடிலோன் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க விதிப் பைத்தியம் பிடித்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து இலக்கணப் பேராசிரியர் ஒருவர் வந்து, விதியிலிருந்து பிறக்காத வாக்கியம் வாக்கியமே அல்ல என்று ஒரு மாலை முழுதும் பேசிவிட்டு, இரவு ரயிலில் போயிருந்தார். அன்றிலிருந்து நகராட்சிச் சிற்றுண்டிச்சாலையில் ரொட்டி கேட்டால்கூட, அது சூப்புக்குப் பிறகுதான் பிறக்கும் என்றார்கள். என் கையிலிருந்த தாளில் இருந்தது ஒரே விதி: 'மனு என்பது முதலில் வணக்கம், அடுத்து மனு, இறுதியில் நன்றி.'

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான், படிவத்தைப் பார்த்தாலே முதுகு நிமிர்ந்துவிடும். வணக்கம் எழுதினேன், தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதினேன், நன்றி எழுதினேன். மனுக்களைச் சரிபார்க்கும் பரிசீலனைப் பொறி தாளை விழுங்கி வெளியே துப்பியது: 'நடுவில் மனு இல்லை.'

"தாழ்ப்பாள் வேணும்னு எழுதியிருக்கேனே சார்."

"அது கோரிக்கைம்மா. விதியில கோரிக்கைன்னு ஒண்ணு இல்லையே. நடுவுல மனுதான் வரணும்."

"மனுன்னா?"

"வணக்கம், மனு, நன்றி."

வீட்டுக்கு வந்து, நடுவில் வரும் மனுவும் வணக்கத்தில்தானே தொடங்க வேண்டும் என்று, வணக்கத்துக்குள் வணக்கமாகப் பதினோரு பக்கம் எழுதினேன். பின்னால் நன்றிக்குப் பதினோரு பக்கம். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் நடந்துகொண்டதே இல்லை. பொறி கவனமாகப் படித்துவிட்டு, கடைசி வணக்கத்துக்கும் முதல் நன்றிக்கும் இடையில் மனு இல்லை என்று தெரிவித்தது.

அன்று மாலை முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, ஈர பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, இன்றைக்கு என்ன சூப் என்று கேட்டார். அவர் வீடு அடுத்த தெருவாம். அங்கும் கதவு திறந்துதான் இருக்குமாம், அதனால் குழப்பமாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். விடியும்வரை கதவில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.

"சார், உங்க பொறி ஏத்துக்கிற மனு ஒண்ணாவது உலகத்துல இருக்கா?"

ஓடிலோன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொறி வேலைய முடிக்குமா, முடிக்காம ஓடிக்கிட்டே இருக்குமான்னு எல்லாப் பொறிக்கும் பொதுவா சொல்ற வழியே கிடையாதுன்னு கணக்குல நிரூபிச்சிருக்காங்கம்மா. அப்புறம் நான் யாரு சொல்றதுக்கு?"

"எல்லாப் பொறிக்கும் வேணாம். இந்த ஒரு வரி விதிக்கு மட்டும் சொல்லுங்க. விரல்விட்டே பாத்துடலாம்."

"ஒண்ணுக்கு மட்டும் சொன்னா பாரபட்சம் ஆயிடும்."

பிரிவுத் தலைவி ஹெர்மெலின்ட அம்மையார் எழுந்து வந்து ஆண்டறிக்கையைக் காட்டினார். விதி நடைமுறைக்கு வந்தபின் பிழையான மனு ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. நிலுவையில் புகார் எதுவும் இல்லை. வேறு நான்கு ஊர்க் கழகங்கள் விதியின் நகல் கேட்டு எழுதியிருந்தன.

பயத்தில் சில சமயம் புத்தி வேலை செய்யும். "அனுமதி இல்லாம நான் தாழ்ப்பாள் அடிச்சா, காலி பண்ணச் சொல்லி ஆணை போடுவீங்கல்ல மேடம்? அத எந்த விதிப்படி எழுதுவீங்க?"

"எல்லாருக்கும் ஒரே விதிதான்," என்றார் அம்மையார் பெருமையாக. "ஆணை என்பது வணக்கம், ஆணை, நன்றி."

ஓடிலோன் காப்பியில் முக்கிய பிஸ்கட் வாய்க்குப் போகாமல் நின்றது. அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

மதியமே தாழ்ப்பாள் அடித்துவிட்டேன். அன்றிரவு மெத்தையில் படுத்துத் தூங்கினேன். மாடி வீட்டுக் கமீல் வந்து, ஆணை வராதா என்று விசாரித்தார். எழுதிக்கொண்டே இருப்பார்கள், வராது என்றேன். சனிக்கிழமைக்குள் பதினெட்டுக் கதவிலும் தாழ்ப்பாள்.

அதோடு நின்றிருக்கலாம். தாழ்ப்பாளுக்கு வராத ஆணை வேறு எதற்கும் வராது என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருவர் படிக்கட்டில் சேவல் வளர்த்தார். இன்னொருவர் பித்தளைக் குழல் பயின்றார், அதிகாலையில். கமீல் தன் தரையைத் துளைத்து எதையோ கட்டத் தொடங்கினார். நிறுத்தும்படி நான் கெஞ்சியதற்கு, "நீ தாழ்ப்பாள் அடிக்கலையா தங்கச்சி?" என்றார். குழந்தையின் தொட்டிலுக்கு நேர்மேலே உட்கூரையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் விழுந்தது.

அனுமதியில்லாமல் ஆணி அடிப்பவர்கள் அனைவர்மீதும், என்னைத் தவிர, உடனடியாகக் கடும் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். பிரிவு முழுவதும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அம்மையார் சொல்லச் சொல்ல ஓடிலோன் எழுதிக்கொண்டிருந்தார், முகவாய் உயரத்துக்குத் தாள்கள். மேல் தாளில் என் பெயர் இருந்தது. வணக்கத்தைத் தாண்டி அவர்கள் இன்னும் போகவில்லை.

கண்ணாடியைத் தட்டி, என் தாள்களை உயர்த்திக் காட்டினேன்.

ஓடிலோன் எழுந்து கதவருகே வந்தார். என் கையிலிருந்த பக்கங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.