மாமன் மூக்கில் விளைந்த மலை

மரக்காணம்
12-6-2005

அன்புக்குரியவளும், அடைப்பில்லாத மூக்குக்குச் சொந்தக்காரியுமான அக்கா மகள் தமிழ்நிலாவுக்கு, உப்பளத்துச் சக்கரவர்த்தி மாமன் சுப்ராயன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை அமராவதியும் நலம். அங்கே நீயும், உன்னால் காத்துக் கிடக்கும் மாப்பிள்ளையும் நலமா? இனி நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று கடல் சாட்சியாக உறுதி கூறுகிறேன்.

இடது புருவத்துக்கு மேலே பல மாதமாக வலி. சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்தேன். நான் போட்ட தும்மலில் பெருமுக்கல் மலைக் கோயில் மணி தானாக அடித்தது. பிறகு கண் பிதுங்க ஆரம்பித்ததும் புதுச்சேரியில் எக்ஸ்ரே எடுத்தோம். மூக்குக்கு மேலே, நெற்றிக்குள், வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி! "ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு சொல்றேங்க" என்றார் டாக்டர் பஞ்சநாதன். அந்தப் பொல்லாத நோயின் பெயரை அவர் சொல்லவில்லை, திரும்பி வரும் பஸ்ஸில் அமராவதியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஊரே சொல்லி உன் காது வரைக்கும் வந்துவிட்டது. நீயும், "மாமா கையப் புடிச்சு கூட்டிட்டுப் போகாம மணையில உக்கார மாட்டேன்" என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டாய்.

இதற்கு நடுவில் எங்கள் மேஸ்திரி கண்ணாயிரம் அந்த எக்ஸ்ரேயை உப்புப் பாத்தி வரப்பில் நின்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"ஏம்பா, இதுல என்னா சந்தேகம்? உப்புதான். இத்தினி வருஷமா உப்புக் காத்த இழுத்திருக்க. உள்ள தேங்கி, வெய்யில்ல வத்தி, கட்டிதட்டிப் போச்சு."

"மண்டைக்குள்ள ஏதுடா வெய்யிலு?"

"உன் வாய்தான் எந்நேரமும் தொறந்தே இருக்குதே!"

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் உப்பு என்பது எங்கள் ஆட்களின் வைத்திய சாஸ்திரம். உப்பு என்றால் நல்ல தண்ணியில் கரைய வேண்டும் அல்லவா? என்னை வரப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கில் சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். நான் இருமிய இருமலில் குவித்திருந்த உப்பெல்லாம் பறந்துபோய், அன்றைக்கு இடையஞ்சாவடியில் எந்த வீட்டுக் குழம்பையும் வாயில் வைக்க முடியவில்லையாம். அமராவதி ஓடி வந்து சொம்பைப் பிடுங்கி எறிந்தாள். "இருக்குற மூச்சையும் நிறுத்திடுவீங்க போலிருக்குதே! எழுந்திருங்க, ஸ்கேனுக்குப் போலாம்."

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இது எலும்புக் கட்டிங்க, ஆஸ்டியோமான்னு பேரு. இவ்ளோ பெருசா வளர்றது அபூர்வம். சாதுவான கட்டியாத்தான் தெரியுது. ஆனா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் உறுதி. விட்டா கண்ணத் தள்ளிடும்" என்றார். நான் பட்டத்து யானைபோல ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்தேன். நெற்றியைக் கிழிக்காமல், மூக்கு வழியாகவே கேமராவை விட்டு, துளை போடும் மிஷினை விட்டு, மிஷின் புகைந்து, வேறு மிஷின் கொண்டுவந்து, கடைசியில் ஒரு முழுத் தேங்காயை வெளியே உருட்டினார்கள்! டெஸ்ட் முடிவு வந்த அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் முதலியார்சாவடி வரைக்கும் போக்குவரத்து நின்றது. கண் பழையபடி உள்ளே போய்விட்டது. மூச்சு இப்போது எப்படி ஓடுகிறது தெரியுமா? நான் இழுத்தால் வங்காள விரிகுடாவே ஒரு அடி கிட்டே வருகிறது!

எல்லாச் செல்வமும் பெற்று, பிள்ளை குட்டிகளோடு, சளி பிடிக்காத குடும்பமாக நீ வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் தாய்மாமன்
சுப்ராயன்

பி.கு.: உன் அத்தை இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். "தேங்காயாம் தேங்காய்! கொட்டப்பாக்கு அளவு இருந்துச்சு. யானை மாதிரி நடந்தாராம்! என் முந்தானைய விடாம அழுதத எழுதுங்க." எழுதிவிட்டேன். ஆகையால் மேலே உள்ளதை எல்லாம் நீ தாராளமாக அடித்துவிடலாம், ஒரு சின்ன விஷயத்தைத் தவிர. அது மட்டும் நிஜம்: கேன்சர் இல்லையாம், கண்ணு. ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்.