இருட்டு சாரும் எங்கள் வீட்டுச் சோப்புத்தூளும்

பிள்ளைகளா, இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே வெளிச்சத்தைப் பகையாளியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் இருட்டு சார்தான். உங்கள் அப்பாவான நான் ட்யூப்லைட் சுவிட்சைக் கண்டு நடுங்கியதும் அவரால்தான்.

பொத்தேரி பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. அங்கே ஆராய்ச்சி செய்த சாருக்குச் சொந்த ஊர் கோவளம். அந்தக் கடல் தண்ணீரில் இருக்கும் கிருமிகளிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பார். அது நீல வெளிச்சத்தை விழுங்கி, துளியூண்டு பச்சையாகத் திருப்பித் தருமாம். அளப்பதற்கு முன் வெளிச்சம் பட்டால் பாழ். அதனால் அறையில் ஒரு சிவப்பு பல்புதான். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தாலே நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

"கதவ யாரு தொறந்தது அண்ணாத்த?"

"நான்தான் சார். மூச்சு முட்டிச்சு."

"வெளிய போயி மூச்சு வுடு. இங்க ஒரு மாச வேல கீது."

வெளிச்சம் படக் கூடாத கிருமிக் குழாய்க்கும் இட்லிக்கும் ஒரே வெள்ளித்தாள்தான் சுற்றுவார். ஒருநாள் நாஸ்தா என்று குழாயைப் பிரித்துவிட்டு, மூன்று நாள் தன்னோடே பேசாமல் இருந்தார்.

ஒருமுறை குப்பி கழுவும் திரவம் தீர்ந்துபோனது. கேட்கப் பயந்து, வீட்டிலிருந்து துணி சோப்புத்தூளைக் கொண்டுபோய்க் கழுவினேன். அவசரத்தில் சரியாக அலசவில்லை.

மறுநாள் அந்தப் பச்சை வெளிச்சத்தை அளக்கும் மிஷினில் கோடு மலை மாதிரி ஏறியது.

"பாத்தியா நைனா? இப்டி எவனும் பாத்தது கெடையாது. சாயங்காலம் பெரியவங்க கிட்ட காட்டப் போறேன்" என்றார். 

அளந்து முடித்துப் புற ஊதா விளக்கைப் போட்டார். குப்பியோடு சேர்ந்து, அதே சோப்புத்தூளில் வெளுத்த என் வெள்ளைச் சட்டையும் பளபளத்தது. நான் கழுவி வைத்த ஒரு வெறும் குப்பியை விளக்கடியில் பிடித்தேன். அதுவும் மின்னியது.

 சொன்னால் கான்ட்ராக்டர் என்னைத் துரத்திவிடுவார். உங்களை அப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தேன். சொல்லாவிட்டால் சாயங்காலம் இந்த மனிதர் நாலு பேர் நடுவே தலைகுனிய வேண்டும்.

"சார், அது உங்க புரதம் இல்ல. எங்க வூட்டு சோப்புத்தூள்."

அவர் வெறும் குப்பியை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"வேற யார் கிட்ட சொன்ன?"

"யார் கிட்டயும் சொல்லல சார்."

"சொல்லாத. கான்ட்ராக்டரு உன்ன தூக்கிடுவான்." நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "இன்னா தூளுய்யா அது? நல்லா வெளுக்குது."

அவர் சாப்பிடப் போனார். நான் அத்தனை குப்பிகளையும் வெறும் தண்ணீரில் ஏழெட்டுத் தடவை அலசி, ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கடைசிக் குப்பி இருட்டாகத் தெரிந்ததும், சட்டையில் துடைக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் மெல்ல வைத்தேன்.