வெள்ளை அணுக்களைக் கொன்றது யார்?

எனக்குச் சந்தேகம் வந்தால் உலகத்தில் எல்லார் மேலும் வரும். என் மேல் மட்டும் வராது. (பரம்பரை வியாதி இல்லை, சொந்தச் சம்பாத்தியம்.)

புனேயில் ஓர் ஆய்வகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மயக்க மருந்து மனிதரின் வெள்ளை அணுக்களை என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. தட்டில் இருக்கும் அணுக்களோடு மருந்தைச் சேர்த்து, இன்குபேட்டரில் கதகதப்பாக வைத்திருந்து, பிறகு நீலச் சாயம் விட வேண்டும். செத்த அணு மட்டும் நீலமாகும்.

தசரா விடுமுறை முடிந்து வந்து, சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒரே நீலம். "அடப்பாவி!" என்று மருந்துப் புட்டியை முறைத்தேன். அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு அன்றுதான் ஹெர்னியா ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் இருந்தவருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மயக்க மருந்து போட்டுக்காதீங்க! வெள்ளை அணு அத்தனையும் காலி!"

"அப்ப அறுக்கிறப்ப நான் என்னம்மா பண்றது, பஜனை பாடறதா?"

"டாக்டர் சொல்றத நம்பாதீங்க. எழுந்து வெளிய வாங்க."

விஞ்ஞானி மகள் (முதல் சம்பளம்கூட வரவில்லை) சொல்லிவிட்டாளே! அப்பா கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பக்கத்து மேஜை ஸ்நேஹல் திரும்பினாள். "கண்ட்ரோல் தேகா க்யா?" மருந்தே போடாத தட்டைப் பார்த்தாயா என்கிறாள். பார்த்தேன். அதுவும் நீலம். என் சந்தேகம் உடனே ஸ்நேஹல் மேல் தாவியது. இவள்தான் ஏதோ கலந்திருக்கிறாள்!

அவள் போய் இன்குபேட்டர் மேல் தொங்கிய சாமந்தி மாலையைத் தூக்கினாள். அது மறைத்திருந்த விளக்கு எரியவில்லை.

மாலை போட்டது நான். ஆயுத பூஜைக்கு, வீட்டில் ஃப்ரிட்ஜைத் துடைக்கும் வழக்கப்படி சுவிட்சை அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன். சுவிட்சைத் திரும்பப் போடவில்லை.

பதறிப்போய் அப்பாவை அழைத்தேன். "அப்பா, உடனே உள்ள போங்க! மருந்து மேல தப்பில்ல, நான்தான் சுவிட்ச போட மறந்துட்டேன்."

"வாயில வடாபாவ் இருக்கு. இரு, முழுங்கிக்கறேன்."

வெறும் வயிறு போனது, ஆபரேஷனும் தள்ளிப்போனது. அடுத்த தேதி வரை அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது. அதற்குள் சோதனையை மறுபடி செய்தேன். மருந்து அதிகமானால் அணுக்கள் வாடின; குறைந்த அளவில் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. அப்பாவும் பிழைக்க வேண்டுமே என்று ஆபரேஷன் அறை வாசலில் நின்றேன்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது: "சுவிட்ச போட்டியாம்மா?"

தமிழ் தெரியாத நர்ஸ் ஓடிப்போய் ஃபேனைப் போட்டார். இன்றும் எங்கள் வீட்டில் யார் மதியத் தூக்கம் கலைந்து எழுந்தாலும், காபி கேட்பதற்கு முன் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள்.