அதிகாரி தட்டில் விழுந்த சோறு

எங்கள் மைக் அக்காவுக்குப் பயப்படாத உயிர் ஜவ்வாது மலையில் ஒன்றுகூடக் கிடையாது. கரடிகூட அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் விடுதிப் பக்கம் வரும். அடுப்படியில் அவர் பேசினால், எதிர்மேட்டில் சாமை அறுப்பவர்கள் பதில் சொல்வார்கள்.

மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் விடுதி அது. அவர் சமையல், நான் வார்டன். பதவியில் நான் பெரியவள் என்ற நினைப்பு முதல் நாள் காலையோடு சரி.

"இன்னாம்மா, ரூம்லயே உக்காந்துனு வார்டன் வேல பாப்பியா? பந்தியில வந்து நில்லு. எந்தப் பொண்ணு சோறு வேணாங்குதுன்னு பாரு."

என் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். பயிற்சி வகுப்பில் பிஸ்கட் மட்டும் கொடுத்தார்கள்.

ஒருமுறை போளூர் பஸ் பிள்ளைகளை ஏற்றாமல் போய்விட்டது. மறுநாள் அக்கா நடுரோட்டில் மணை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். பஸ் நின்றது. "இத்த முட்ச்சுட்டு எழுந்துக்கறேன்" என்றார். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி உரித்தார்கள். கண்ணீரோடு எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அப்புறம்தான் அந்த அரிசி வந்தது. மக்கல் வாடை, மூட்டை நிறையப் புழு. நிர்வாகச் செயலாளருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். மூட்டை அனுப்புவது அவர் மச்சான். "வேலையில இருக்கணுமா, வேணாமா?" என்று போனில் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அக்காவும் புழுவைப் பொறுக்கி ஆக்கிப் போட்டார். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் வாந்தியெடுத்து மயங்கி விழுந்த அன்று, அக்கா முதல்முறையாகப் பேசாமல் இருந்தார்.

அடுத்த வாரம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். செயலாளர் அவருக்காக ஓர் அண்டா பிரியாணி கொண்டுவந்திருந்தார். அக்கா பரிமாறினார். பிள்ளைகள் தட்டில் பிரியாணி. அதிகாரி தட்டில் மக்கல் சோறு.



"ஏய், மாத்திப் போட்டுட்ட!" செயலாளர் அலறினார்.

"மாத்தலீங்க. பசங்க தெனம் துன்றதத்தான சார் பாக்க வந்தாரு?"

அதிகாரியின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. "இதை யார் சமைச்சது?"

"நான்தாங்க. புழுவு கீதுன்னு தெரிஞ்சே ஆக்கிப் போட்டேன். அந்தப் பொண்ணு வுழுந்ததுக்கு நானுந்தான் காரணம். மொதல்ல எம்பேர எழுதுங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார். "வார்டன், நீ சொல்லு. இன்னிக்கு மட்டும்தான இப்டி?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அக்கா சொல்றது நெசம் சார். ரெண்டு லெட்டர் எழுதியிருக்கேன்" என்று கத்தியது நான்தான் என்று தெரியவே கொஞ்ச நேரமானது.

மச்சானின் மூட்டைகள் அன்றே மலையிறங்கின. பத்தே நாளில் அக்காவையும் ஒழுங்கீனம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் ராஜினாமா எழுதினேன். அக்கா அதை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"நீயும் போய்ட்டா பந்தியில யாரு நிப்பா?"

இப்போது ஒடுகத்தூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். "இன்னாம்மா இப்டி எளைச்சுட்ட?" என்று அவர் கேட்டதில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. மலைக்குப் போகும் பஸ் வந்தது. அதை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.